மூன்றரைப் பரப்பு ஒரு புள்ளி

எங்கட மேசையில் புத்தகங்களோடு சேர்ந்து இப்போது ஒரு கறுத்தக் கண்ணாடித் துண்டும் கிடக்கிறது. உயிரியல் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைப்போமே, அந்த வழுக்கிதான். ஒரு பக்கம் மட்டும் கறுப்பு. சாய்த்துப் பிடித்தால் முகம் மங்கலாய்த் தெரியும். வந்துபோகிற நண்பர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன, உடைஞ்ச கூலிங் கிளாசோ?" என்று கேட்பார்கள். இது நாங்கள் செய்த ஒரு கண். ஒரு நேரத்தில் ஒரேயொரு புள்ளியை மட்டும் பார்க்கத் தெரிந்த கண். வழமையாக நாங்கள் புத்தகங்களையும் படங்களையும் பற்றித்தான் எழுதுவோம். போன ஏழெட்டு மாதமாய் எங்களுக்குள் நடந்த கனக்கச் சண்டைக்கும் கொஞ்சச் சந்தோசத்துக்கும் இந்தத் துண்டுதான் காரணம் என்பதால், இந்த முறை இதைப் பற்றி.

தொடங்கியது ஒரு கைபேசித் திரையில். எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவின் காணி வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 இல், இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள். பிறகு அந்தப் பக்கம் உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்டது. சுத்தியிருக்கிற காணிகள் கொஞ்சம் கொஞ்சமாய் விடுபட்டபோதும் அவவின் துண்டு இன்னும் உள்ளேதான். எங்கட வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வீடு என்றால் செய்மதிப் படந்தான். பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்ப்போம். ஒரு கட்டத்துக்குப் பிறகு படம் சதுரம் சதுரமாய் உடையும். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து, "கிணறு எந்தப் பக்கம் பிள்ளை?" என்று கேட்டா. எங்களால் காட்ட முடியவில்லை. அடுத்த கேள்விதான் எங்களைப் பிடித்தது. "இதை ஆர் எடுத்தது?"

கமராக்காரன் எடுத்தது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் செய்மதி படம் எடுப்பது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பாதிதான் சரி. இலவசமாக எவரும் இறக்கக்கூடிய லாண்ட்சாற் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லாண்ட்சாற் 1972 ஜூலை 23 இல் ஏவப்பட்டது. அதிலிருந்த அளவீட்டுக் கருவியை வடிவமைத்தவர் வேர்ஜீனியா நோர்வூட் என்ற பெண் பொறியியலாளர். ஒரு கண்ணாடி வினாடிக்கு 13 தடவைக்கு மேல் இங்கும் அங்கும் ஆடும். நிலத்தில் இருந்து வருகிற ஒளி, ஒரு கீற்று ஒரு கீற்றாக, 24 உணரிகளில் போய் விழும். ஒவ்வொரு உணரியும் ஒரு எண்ணைச் சொல்லும். எவ்வளவு வெளிச்சம், அவ்வளவுதான். அந்த எண்களை வரிசையாக அடுக்கினால் வரைபடம். அன்றைக்கு ஒரு புள்ளி கிட்டத்தட்ட 80 மீற்றருக்கு 80 மீற்றர். பிறகு வந்த லாண்ட்சாற்களில் 30 மீற்றருக்கு 30 மீற்றர்.

எங்கட கணக்குக்கு மாற்றிப் பார்த்தோம். 16 பரப்பு ஒரு ஏக்கர். அப்படியென்றால் ஒரு பரப்பு சுமார் 253 சதுர மீற்றர். லாண்ட்சாற்றின் ஒரு புள்ளி 900 சதுர மீற்றர், மூன்றரைப் பரப்புக்குச் சற்று மேல். அம்மம்மாவின் காணி நாலு பரப்பு. வீடு, கிணறு, வேம்பு, மாட்டுக்கொட்டில், வேலி எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியைச் சொல்கிற உணரியைக் கையால் செய்து பார்த்தால் என்ன என்ற கேள்வி அன்றிரவு வந்தது. எங்களில் ஒருவன் கம்பஸில் பௌதிகவியல் படிக்கிறான். அவன்தான் கிளப்பிவிட்டது. மற்றவள் கணிதம் ரியூசன் கொடுக்கிறவள். மூன்றாமவன் வன்னியில் இருந்து வந்தவன். காணிக்காரியோடு சேர்த்து நாலு பேர்.

*

சந்தியில் இருக்கிற இலத்திரனியல் கடையில் சின்னதாய் ஒரு ஒளியுணர் தடை விற்பார்கள். முகத்தில் பாம்பு ஊர்ந்தமாதிரி ஒரு வளைகோடு இருக்கும். தெருவிளக்கு இருட்டினவுடன் தானாய்ப் பத்துவதற்கு இதுதான் காரணம். அந்த வளைகோட்டுக்கு நடுவே இருப்பது கட்மியம் சல்பைட்டுப் படலம். குறைக்கடத்தி. ஒளி படாதபோது இலத்திரன்கள் கட்டுப்பட்டுக் கிடக்கும், மின்னை விடாது. ஒளி பட்டால் கொஞ்ச இலத்திரன்கள் விடுபட்டு ஓடும், தடை குறையும். உயர்தரத்தில் ஒளிமின் விளைவு படித்தவர்களுக்கு இது பிடிபடும்: ஒளியின் துணிக்கை ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட அளவு சக்தி இருக்கவேணும். சக்தி காணாவிட்டால் எத்தனை கோடி துணிக்கை வந்தாலும் இலத்திரன் அசையாது. கட்மியம் சல்பைட்டுக்குப் பச்சை ஒளி மட்டும் காணும். கைபேசிக் கமராவில் இருக்கிற சிலிக்கன் இன்னும் கொஞ்சத் தூரம் போகும், 1.1 மைக்ரோமீற்றர் வரைக்கும். அதற்கு மேல் சிலிக்கன் குருடு.

எங்களுக்கு அதற்கு மேலேதான் அலுவல் இருந்தது. பாடப்புத்தகத்தில் செந்நிறக்கீழ்க் கதிர் என்று படித்தோமே, அகச்சிவப்பு என்றும் எழுதுவார்கள், அந்தப் பகுதியில் 1.4, 1.9 மைக்ரோமீற்றர் அளவில் தண்ணீர் ஒளியைக் குடித்துவிடும். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் அங்கே மையைப்போல் கறுப்பு. ஆகவே ஈரத்தை வரைபடமாக்க வேண்டுமென்றால் அந்த அலைநீளத்தைப் பார்க்கிற படலம் வேண்டும். இப்போதைய லாண்ட்சாற்கள் இதற்குப் பாவிப்பது பாதரசம், கட்மியம், தெலூரியம் சேர்ந்த குறைக்கடத்தி. அதை வெற்றிடத்தில் குளிரூட்டி வைத்தால்தான் வேலை செய்யும். எங்கட மேசைக்கு அது சரிவராது.

ஆனால் ஈயசல்பைட்டு சரிவரும். அது ஏறக்குறைய 3 மைக்ரோமீற்றர் வரை பார்க்கும், அறை வெப்பநிலையிலேயே. அதைவிடப் பெரிய நல்லது, அதை ஒரு முகவையில் செய்யலாம். இயற்கையில் கலீனா என்ற பளபளக்கும் கனியமாக இருப்பதும் இதுதான். பழைய எகிப்தியர் அதை அரைத்துக் கண்ணுக்கு மை போட்டார்கள். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திரபோஸ் அதே கலீனாவை வைத்து வானொலி அலைகளை உணரும் கருவி செய்து, 1901 இல் விண்ணப்பித்து 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒளிக்கும் அது அசையும் என்று அவர் கண்டிருந்தார்.

*

எங்களுக்கு இரசாயனவியல் படிப்பித்த ஒரு சேர் பின்னேரங்களில் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடச் சம்மதித்தார். கையுறை, முகமூடி, தான் பக்கத்தில் நிற்பது ஆகிய மூன்றும் அவருடைய நிபந்தனை. ஈயம் விளையாட்டுச் சாமான் இல்லை.

முறை சொல்லக் கேட்டால் இலேசு. ஈய நைத்திரேற்றுக் கரைசலுக்குள் சோடியம் ஐதரொட்சைட்டு விட்டால் முதலில் வெள்ளையாய்த் திரளும். இன்னும் விட்டால் அந்த வெள்ளை கரைந்து தெளியும். பிறகு தயோயூரியா. அது மெல்ல உடைந்து சல்பைட்டைக் கொடுக்க, ஈயம் அதோடு சேர்ந்து கண்ணாடியில் போய் ஒட்டும். தெளிந்த கரைசல் மஞ்சளாகி, மண்ணிறமாகி, கறுக்கும். அந்த "மெல்ல" என்ற சொல்லில்தான் எல்லாம் இருந்தது. முதல் தடவை நாங்கள் சூடாக்கிவிட்டோம். ஐந்து நிமிடத்தில் முகவைக்குள் கரி. வழுக்கியில் ஒட்டியதை விரலால் தடவ சட்டியடிக் கரிமாதிரி வந்தது. இரண்டாவதில் கண்ணாடி வடிவாய்க் கழுவுப்படவில்லை. எங்கட கைரேகை மட்டும் வெள்ளையாய் நிற்க, சுத்திவரக் கறுப்பு. மூன்றாவதில் படலம் அழகாய் வந்து, தண்ணீரில் அலசும்போது தோலுரிந்த மாதிரி முழுசாய்க் கழன்று மிதந்தது. ரியூசன்காரி அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினவள், நிறுத்தவேயில்லை.

வழுக்கியை நிமிர்த்தி வைக்காமல் சாய்த்து வைக்க வேண்டும் என்று நாலாவதில்தான் விளங்கியது. சாய்த்து வைத்தால் மேல்பக்கத்தில் தூள் வந்து படியும். கீழ்ப்பக்கத்தில், எதுவும் விழமுடியாத பக்கத்தில், மெல்லிய இறுகிய படலம் வளரும். ஆறாவது முறை அது வந்தது. எடுத்துக் காயவைத்தபோது முகம் தெரிந்தது. ஒருவரும் கதைக்கவில்லை.

மீற்றரைப் போட்டோம். ஆறு இலட்சம் ஓம். குண்டு பல்பைப் பிடித்தோம். ஆறு இலட்சம் ஓம். கண் மூடிக்கிடந்தது. காற்றுப்பட ஆய்வுகூட அடுப்பில் நூறு பாகைக்கு மேல் மணிக்கணக்காய் வைத்துச் சுட்டால்தான் இந்தப் படலம் ஒளியை உணரத் தொடங்கும். ஒட்சிசன் மணிகளின் விளிம்புகளில் போய்ச் சேரவேண்டும். குழந்தை பிறந்து கண் திறக்கிறதுக்கு நாள் எடுக்கிறமாதிரி என்று ஒருத்தி சொல்ல, அது பூனைக்குட்டி என்று மற்றவன் திருத்தினான். சுட்டபிறகு பல்பைப் பிடிக்க ஆறு இலட்சம் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரமாய் இறங்கியது. கையை மறைத்தால் ஏறும். எடுத்தால் இறங்கும். அரை மணித்தியாலம் கையை ஆட்டிக்கொண்டே இருந்தோம்.

இதற்குள் ஒரு பிரச்சினை சேர்ந்துகொண்டு வந்தது. ஆறு முறை அலசிய தண்ணீர். முதல் நாளே அதைக் கைகழுவும் தொட்டிக்குள் ஊற்றப் போனவனைச் சேர் கையைப் பிடித்து நிறுத்தினார். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பது முழுக்கச் சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற தண்ணீர். அந்தக் கல்லில் வெடிப்பும் ஓட்டையும். இங்கே ஊற்றினது எந்தக் கிணற்றில் வரும் என்று எவராலும் சொல்லமுடியாது. கிணற்றைத் தேடத் தொடங்கின வேலை கிணற்றுக்குள் ஈயத்தை விடுகிற வேலையாய் முடிந்திருக்கும். மூன்று பிளாஸ்ரிக் கான்களில் சேர்த்து, ஈயம் என்று பெரிதாய் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். வெளியில் கொடுத்து அழிக்க ஒழுங்கான வழி கிடைக்கும்வரை அவை அங்கேதான். படலம் ஒரு கிராம்கூடத் தேறாது. கழிவு பதினைந்து லீற்றர்.

*

பெரிய சண்டை இதற்குப் பிறகுதான். வன்னிக்காரன் அதுவரைக்கும் எல்லாவற்றிலும் கூட நின்றவன். கண் வேலை செய்த அன்றைக்கு இரவு, "எனக்கு இது சரியாப் படேல்லை" என்றான். 2009 இல் அவனுக்கு எட்டு வயது. வேவு விமானத்தை வன்னிச் சனம் "வண்டு" என்றுதான் சொல்லும். "வண்டு சுத்தத் தொடங்கினா அம்மா அடுப்பை நூத்துப்போட்டு எங்களைப் பங்கருக்குள்ள இறக்கிவிடுவா. சோறு பாதி வெந்தபடி கிடக்கும். மேல இருந்து ஒண்டு எங்களைப் புள்ளியாப் பாக்குது எண்டது எனக்கு அப்பவே தெரியும். இப்ப நாங்கள் அந்தக் கண்ணைத்தானே செய்யிறம்?"

சமாதானம் சொல்ல வெளிக்கிட்டு, தேடித் தேடி வாசிக்க, அவன் சொன்னது நாங்கள் நினைத்ததைவிடச் சரியாக இருந்தது. ஈயசல்பைட்டைச் செந்நிறக்கீழ்க் கதிர் உணரியாக வளர்த்தெடுத்தது 1930களின் பேர்லினில், எட்கர் குட்ஷர். போர்க்காலத்தில் ஜேர்மன் இராணுவத்துக்காக அது வளர்ந்தது. 1944 அளவில் அமெரிக்காவில் ரொபேர்ட் காஷ்மன் தனியாக அதைச் செய்தார். அதுவும் போருக்குத்தான். 1950களில் வந்த சைட்வைண்டர் ஏவுகணை, விமானத்தின் சூடான புகைவாயைத் தேடிப் போவதற்கு முகத்தில் வைத்திருந்தது குளிரூட்டாத ஈயசல்பைட்டுப் படலம். எங்கட முகவையில் வந்ததன் சொந்தக்காரன்.

அதே காஷ்மனின் உணரியைத்தான் 1947 இல் ஜெரார்ட் குயிப்பர் என்ற வானியலாளர் தொலைகாட்டியில் பூட்டிச் செவ்வாயைப் பார்த்தார். செவ்வாயின் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு இருக்கிறது என்று கண்டது அப்படித்தான். இதை வாசித்துக் காட்டினோம். "அப்ப சரியெண்டு சொல்லுறியளோ?" என்றான். நாங்கள் ஓம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய். அவன் இரண்டு கிழமை வரவில்லை. திரும்பி வந்தபோது ஒன்று சொன்னான்: "ஆக்களைப் பாக்கிறதில்லை. நிலத்தை மட்டும்." அதை மேசையில் எழுதி ஒட்டினோம். அது இன்னும் இருக்கிறது, ஈயக் கான்களின் எழுத்துக்குப் பக்கத்தில்.

*

ஒரு புள்ளியை மட்டும் பார்க்கிற கண்ணால் எப்படி வரைபடம் செய்வது? இதற்கு எங்களுக்கு வழிகாட்டி கலிபோர்னியாவில் இரண்டு பேர். ஜெரி நியூகெபவரும் ரொபேர்ட் லெயிற்ரனும். லெயிற்ரனின் பெயர் பௌதிகவியல் படிக்கிறவர்களுக்குத் தெரியும், பெயின்மன் விரிவுரைப் புத்தகங்களின் அட்டையில் இரண்டாவதாய் வரும். 1960களில் இவர்கள் முழு வானத்தையும் 2.2 மைக்ரோமீற்றரில் வரைபடமாக்க நினைத்தார்கள். பெரிய கண்ணாடி வாங்கக் காசில்லை. 62 அங்குலத் தட்டில் பிசினை ஊற்றி, அது இறுகும்வரை நாட்கணக்காய்ச் சுழற்றினார்கள். சுழலும் திரவத்தின் முகம் தானாய்ப் பரவளைவாய்க் குழியும். அதில் அலுமினியம் பூசினால் தொலைகாட்டி. குவியத்தில், திரவ நைதரசனால் குளிரூட்டிய எட்டு ஈயசல்பைட்டு உணரிகள். வானத்தைக் கீற்றுக் கீற்றாய்க் கூட்டிப் பெருக்க, பேனை தாளில் கோடு கீறிக்கொண்டு போகும். கோடு துள்ளுகிற இடத்தில் ஒரு நட்சத்திரம். 1969 இல் வெளிவந்த பட்டியலில் 5,612. அவற்றில் சில, சாதாரணப் படங்களில் மங்கிக்கிடந்தவை. தூசியால் மூடுண்டு, கண்ணுக்கு ஒளிந்து, அங்கே மட்டும் சுடராய் எரிந்தவை.

இன்னொரு விசயம் தேடும்போது அகப்பட்டது. நியூகெபவரின் தகப்பன் ஒற்றோ நியூகெபவர் பழைய வானியலின் வரலாற்றாசிரியர். அவர் 1952 இல் தமிழ் வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதற்கு ஆதாரம், ஜோன் வாரன் 1825 இல் வெளியிட்ட நூல். பாண்டிச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், ஒரு எழுத்தும் எழுதாமல், நிலத்தில் சிப்பிகளைப் பரப்பி நகர்த்தி, மனப்பாடமாய் வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லி, அந்த ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தாராம். தொடக்கத்தில் பிழை நாலு நிமிடம்தான். தகப்பன் சிப்பிக் கணக்கைப் படித்தார், மகன் புள்ளி புள்ளியாய் வானத்தைப் பெருக்கினார். இதற்கும் எங்கட வேலைக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் உடைந்த இரண்டு பிறின்ரர்களில் இருந்து மோட்டர்களைக் கழற்றி, ஒரு சின்னக் குழிவாடியை இடம்வலமும் மேல்கீழும் திருப்புகிற மாதிரிப் பூட்டினோம். கண்ணுக்கு முன்னால் ஒரு சிலிக்கன் துண்டு. சிலிக்கன் தான் பார்க்கக்கூடிய ஒளியை விழுங்கிவிட்டு மிச்சத்தை விடும். நாங்கள் தேடினது அந்த மிச்சத்தைத்தான். 40 நிரல், 30 நிரை, 1,200 புள்ளி. எண்கள் எக்செலில் வந்து விழ, ஒவ்வொரு பெட்டிக்கும் சாம்பல் நிறம் கொடுத்தோம். எதிரில் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், பின்னால் குண்டு பல்பு. ஒன்றில் தண்ணீர், மற்றதில் உருக்கின தேங்காயெண்ணெய். இரண்டும் கண்ணுக்குத் தெளிவு.

முதல் வரைபடத்தில் போத்தலே இல்லை. மேல்பக்கம் கறுப்பு, கீழே போகப்போக வெளிச்சம். ஆய்வுகூடத்துத் தகரக் கூரை சூடேறச் சூடேறப் படலத்தின் தடையும் தானாய்க் குறைந்துகொண்டு போயிருக்கிறது. ஒளி பட்டாலும் குறையும், சூடு பட்டாலும் குறையும். மீற்றருக்கு வித்தியாசம் தெரியாது. நாங்கள் அருமந்த இருபது நிமிடத்தைச் செலவழித்துப் பின்னேர வெயிலைப் படமாக்கியிருந்தோம். கலிபோர்னியாக்காரருக்கும் இதே தலையிடி: வானமே அந்த அலைநீளத்தில் மினுங்கும். அவர்கள் கண்ணாடியையே மெல்ல ஆட்டி, நட்சத்திரமும் பக்கத்து வெறும் வானமும் மாறிமாறி விழச்செய்து, வித்தியாசத்தை மட்டும் எடுத்தார்கள். நாங்கள் பழைய கொம்பியூட்டர் விசிறி ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் சுழலவிட்டோம். ஒளி வெட்டி வெட்டி வரும், சூடு அப்படி வெட்டுப்படாது. துடிக்கிறதை மட்டும் அளந்தால் போதும்.

இரண்டாவது வரைபடம் பாதியில் கரண்ட் போய்விட்டது. மூன்றாவது முழுசாய் வந்தது. எண்ணெய்ப் போத்தல் சாம்பல். தண்ணீர்ப் போத்தல் கட்டைக் கறுப்பு. சேர் தன்னுடைய கைபேசியில் அந்த எக்செல் தாளைப் படமெடுத்து வைத்துக்கொண்டார்.

*

வெளியில் கொண்டுபோனது கோப்பாய்ப் பக்கம், ரியூசன்காரியின் மாமாவின் வெங்காயத் தோட்டத்துக்கு. செம்மண். மோட்டர் கொட்டில் கூரையில் கருவியை வைத்து, மத்தியான வெயிலில் எட்டுப் பாத்திகளைப் பெருக்கினோம். முகில் வந்தால் எண்கள் விழுந்துவிடும். ஒவ்வொரு நிரையின் தொடக்கத்திலும் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. காலமை தண்ணீர் விட்ட பாத்திகள் கறுப்பாய் வந்தன. அது எங்கட கண்ணுக்கும் தெரிந்ததுதான். முந்தாநாள் விட்ட பாத்திகளில் மேல்மண் காய்ந்து, கீழே ஈரம் இருந்தது. கருவிக்கு அது தெரியவில்லை. இந்த ஒளி மண்ணின் தோலைத்தான் பார்க்கும். மாமா குனிந்து விரலை விட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

ஆனால் ஒரு மூலையில், எங்களுக்கு உலர்ந்த வைக்கோலாய்த் தெரிந்த இடத்தில், நாலைந்து பெட்டிகள் கறுத்திருந்தன. பிழையென்று நினைத்துத் திரும்ப ஓடவிட்டோம். திரும்பவும் கறுப்பு. போய் வைக்கோலைக் கிளப்பினால் குழாய்ப் பொருத்து ஒழுகிக்கொண்டிருந்தது. நாங்கள் துள்ளினோம். மாமா வேலியோடு நின்று, "உது எனக்கு முந்தநாளே தெரியும். பசை வாங்கோணும் எண்டு இருக்கிறன்" என்றார்.

அன்றைக்குச் சந்தோசமாய்த்தான் திரும்பினோம். வரைபடம் சொன்னது சரி என்று காலால் நடந்து ஒரு மனிசன் முதலே கண்டிருந்தார், அதைவிட வேறென்ன சான்று. வழியில் காணிக்காரி மட்டும் பேசாமல் வந்தாள். பிறகு சொன்னாள்: "எங்கட காணியில நடக்க ஆள் இல்லை. அங்க மேல இருந்து வாற எண்ணை விட்டா வேற ஒண்டும் இல்லை."

அந்தக் கிழமையே லாண்ட்சாற் படங்களை இறக்கத் தொடங்கினோம். 2008 இல் இருந்து அந்தச் சேமிப்பு முழுக்க இலவசம், ஒருவரிடமும் கடிதம் கேட்கத் தேவையில்லை. முகில் இல்லாத நாட்களாய்ப் பொறுக்கி, அந்த ஒரு புள்ளியின் எண்ணை ஆண்டு ஆண்டாய் எழுதினோம். 2003 இல் லாண்ட்சாற் 7 இல் ஒரு ஆடிப் பகுதி பழுதாகியதால் அதற்குப் பிந்திய அதன் படங்களில் கறுத்த வரிகள் ஓடும். சில படங்களில் அம்மம்மாவின் காணி அந்த வரிக்குள் விழுந்திருந்தது. மிச்ச ஆண்டுகளை இணைக்க ஒரு கோடு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னர் எங்களுக்கு அந்தக் கோடு வெறும் கோடு. இப்போது அதன் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு படலம் இருப்பது தெரியும், அதற்கு ஒரு சூடு, ஒரு பிழை, எங்கேயோ ஒரு கழிவுக் கானும் இருந்திருக்கும். ஈரத்தைச் சொல்கிற அலைநீளத்தில் எண் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. வெறும் செம்மண் அங்கே வெளிச்சமாய்த் தெரியும். பச்சை மூட மூட இருளும்.

அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். முதலில் கறுத்த வழுக்கியைக் கொடுத்தோம். விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டா.

"கிணறு தெரியுமோ இப்ப?"

"இல்லை அம்மம்மா. மூண்டரைப் பரப்பு ஒரு புள்ளி."

"வீடு, கிணறு, வேம்பு, எல்லாம் ஒரு புள்ளியோ?"

"ஓம்."

"என்ன நிறம்?"

கோட்டை விளங்கப்படுத்தத் தொடங்கினோம். அவ கையைக் காட்டி மறித்தா. அவவுக்கு நிறம்தான் வேண்டியிருந்தது. பிந்திய படத்தைத் திறந்து, அந்தச் சதுரத்தைத் திரை முழுக்கப் பெருப்பித்தோம்.

"கடும் பச்சை."

கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. "வேம்பு கிணத்துப் பக்கம் சாஞ்சு வளந்திருக்கும்," என்றா. "சருகு முழுக்கத் தண்ணிக்குள்ளதான் விழும்."